பல்கலைக்கழக மாணவருக்குக் கணினித் திறன் சொல்லித்தருவது எப்படி: கோப்பிலிருந்து தொடங்குங்கள்

மாணவர்களுக்கு டிஜிட்டல் திறன்களைத் தனிப்பயிற்சியாகச் சொல்லித்தர முன்வருபவர்களில் பலர் முதல் அமர்விலேயே எக்செல் சூத்திரங்களுக்கோ செயற்கை நுண்ணறிவுக்கோ தாவிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் தடுமாற்றத்தின் வேர் அங்கே இல்லை. தான் எழுதிய கோப்பு எங்கே இருக்கிறது என்பது மாணவருக்கே தெரியாமலிருப்பதில்தான் இருக்கிறது. கைப்பேசியில் செயலியைத் திறந்தால் படம் இருக்கும், தேடினால் ஆவணம் வந்துவிடும் என்று பழகியவர்களுக்குக் கோப்புறை என்ற ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆகவே கீழுள்ள படிகளில் இரண்டாவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மின்னஞ்சல் அனுப்புவது, தட்டச்சு செய்வது போன்றவற்றை மாணவர் அறிவார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மாணவரின் சொந்த வேலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

மாதிரிப் பயிற்சித்தாள் வேண்டாம். அந்த வாரம் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையோ ஆய்வறிக்கையோ இருந்தால் அதுவே பாடநூல். மவுஸ் மாணவர் கையிலேயே இருக்கட்டும். நாம் வாங்கிச் செய்துகாட்டினால் வேலை முடியும், பாடம் நடக்காது. அவர் கடவுச்சொல்லை உள்ளிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். திரையைப் பகிரும் அமர்வாக இருந்தால், தொடங்கும் முன்பே அறிவிப்புகளை அணைக்கச் சொல்லுங்கள். பொறுப்பான பயன்பாட்டைப் பற்றித் தனியாக உரையாற்றுவதைவிட, சொல்லித்தருபவரின் இந்த நடத்தையைப் பார்த்து மாணவர் கற்றுக்கொள்வதே அதிகம்.

படி 2: கோப்பு எங்கே இருக்கிறது?

"இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, வேர்டைத் திறக்காமல், மறுபடியும் கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். அவர் எங்கே திணறுகிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் மூன்று சிக்கல்களில் ஒன்று இருக்கும். முதலாவது, ஜிப் கோப்பை (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியதை) பிரிக்காமல் அதனுள் இருந்தபடியே ஆவணத்தைத் திறந்து திருத்துவது. அப்படித் திறக்கும்போது விண்டோஸ் ஒரு தற்காலிகப் பிரதியைத்தான் காட்டுகிறது. திருத்தங்கள் ஜிப்புக்குள் சென்று சேர்வதில்லை, பலமுறை சேமிக்கவே விடாது. மின்னஞ்சல் இணைப்பைக் கணினியில் சேமிக்காமல் நேரடியாகத் திறந்து எழுதுவதும் இதே வகையான விபத்துதான். "முதலில் பிரித்தெடு, பிறகு திற" என்பதை மாணவர் தம் கையால் இரண்டு முறையாவது செய்துபார்க்க வேண்டும்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ். விண்டோஸில் காப்பு வசதியை இயக்கியிருந்தால் டெஸ்க்டாப் என்று மாணவர் நினைப்பது உண்மையில் ஒன்டிரைவுக்குள் இருக்கும் ஒரு கோப்புறை. கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் கணினியிலும் இருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால் எப்போதும் கணினியிலேயே வைத்திருக்கும்படி நாம் கேட்டிருக்கிறோம். இந்த மூன்று குறிகளையும் நிதானமாக விளக்குங்கள், ஏனெனில் இணைய இணைப்பு இல்லாத இடத்தில் மடிக்கணினியைத் திறந்து கட்டுரை காணாமல்போய்விட்டதாகப் பதறுபவரிடம் உண்மையில் காணாமல்போனது எதுவும் இருக்காது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: ஒத்திசைவையே, அதாவது ஒரே கோப்பு எல்லாக் கருவிகளிலும் தானாக ஒன்றுபோல மாறுவதையே, காப்புப் பிரதி என்று நம்புவது. ஒத்திசைவில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிறது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாட்கள்தான் காத்திருக்கும். பென்டிரைவிலோ வேறொரு வட்டிலோ தனியாக ஒரு பிரதி வைத்திருப்பதே காப்பு. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதியை ஆய்வேடு எழுதுபவரிடம் நான் வற்புறுத்துகிறேன். வாராந்திரக் கட்டுரைக்கு அது அதிகப்படி.

கோப்பின் நீட்டிப்பை (பெயரின் இறுதியில் வரும் .docx, .pdf போன்ற பகுதியை) காட்டும்படி விண்டோஸ் 11இல் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வழியில் மாற்றிவிடுங்கள். பிடிஎஃப் என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் நிரலைக் கண்டுகொள்ளவும் இது உதவும். பெயரில் தேதியை 2025-03-09 என்பது போல ஆண்டிலிருந்து தொடங்கினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்; "ஃபைனல்", "ஃபைனல் புதியது" என்ற அணிவகுப்பும் ஓயும்.

படி 3: கணக்கைப் பூட்டுதல்

இதை விரைவாக முடித்துவிடலாம். கடவுச்சொற்களைப் பாதுகாத்து வைக்கும் செயலியாக, அதாவது கடவுச்சொல் மேலாளராக, நான் பரிந்துரைப்பது பிட்வார்டன். இலவசப் பதிப்பே மாணவருக்குப் போதும். கடவுச்சொல்லைக் காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அந்த வழக்கத்துக்கு எதிராக வழிகாட்டியிருக்கிறது. கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியாகவும் உறுதிசெய்யக் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியவுடன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவைக்கச் செய்யுங்கள். கைப்பேசியை மாற்றும் நாளில்தான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

படி 4: மேற்கோளும் செயற்கை நுண்ணறிவும்

மேற்கோள் மேலாண்மைக்கு ஜோடெரோவே போதும், வேறெதற்கும் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் அது. ஆனால் அது இழுத்துக்கொண்டுவரும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மாணவர் ஒருமுறை சரிபார்க்கத்தான் வேண்டும்.

சாட்ஜிபிடி போன்றவை தரும் மேற்கோள்களுக்கு இச்சோதனையைப் பழக்குங்கள்: டிஓஐ எண்ணை (ஆய்வுக் கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்ணை) டிஓஐ தளத்தில் இட்டுப் பார்ப்பது, திறக்கும் கட்டுரையின் தலைப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பது, பிறகு அக்கருத்து உள்ளே உண்மையாகவே இருக்கிறதா என்று படிப்பது. எண் வேலைசெய்வதோடு நிறுத்தக்கூடாது. புனைந்த மேற்கோளில் வேறொரு கட்டுரையின் உண்மையான எண் ஒட்டியிருப்பதுண்டு. 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மாணவர்களிடம் எச்சரிக்கையைவிட அந்த வழக்கு நன்றாக வேலைசெய்கிறது.

எவ்வளவு உதவி பெறலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். பாடத்திட்டக் குறிப்பைச் சேர்ந்து படியுங்கள்; தெளிவில்லையெனில் ஆசிரியரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நேர்காணல் தந்தவர்களின் பெயரும் பதில்களும் உள்ள தரவை அரட்டைப் பெட்டியில் ஒட்டுவது, அனுமதி இல்லாதவரை, கூடவே கூடாது. ஒரு கட்டுரை செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறியும் கருவிகளை நான் நம்புவதில்லை. ஓபன்ஏஐ தன்னுடைய கருவியையே துல்லியம் குறைவென்று 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால்தான் கட்டுரையைக் கூகுள் டாக்ஸில் முதல் வரியிலிருந்தே எழுதச் சொல்கிறேன். அதன் பதிப்பு வரலாறு, மாணவர் தாமே எழுதினார் என்பதற்கு ஓரளவு சான்றாக நிற்கும்.

பின்சேர்க்கை: கருத்தாய்வின் தமிழ்ப் பதில்களை எக்செல்லில் திறந்தால் எழுத்துகள் சிதைகின்றன என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். சிஎஸ்வி கோப்பை (தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக்கோப்பை) இருமுறை சொடுக்கித் திறப்பதால் வருவது இது. சிதைந்ததைச் சேமிக்காமல் மூடிவிட்டு, டேட்டா பட்டியில் ஃப்ரம் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி வழியாக இறக்குமதி செய்து, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் படிக்கும் 65001 என்ற யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இருக்கும் தரவு என்றால் எக்செல் வடிவிலேயே பதிவிறக்குவது இன்னும் எளிது.