வேப்பெண்ணெய்ப் போத்தலும் கைக்குழந்தையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தவர்கள் வேப்பெண்ணெய்ப் போத்தலையும் கூடவே கொண்டுவந்தார்கள். சிரங்கு, தலைப்பேன், குழந்தைக்குச் சளி எல்லாவற்றுக்கும் அதே போத்தல். தடவுவதோடு விட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

பெரிய தவறு, கைக்குழந்தையின் வாயில் ஊற்றுவது. 1981-இல் மலேசிய மருத்துவர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் இப்படி வேப்பெண்ணெய் குடித்த 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். குடித்த சில மணி நேரத்தில் வாந்தி, அசதித் தூக்கம், வேகமான மூச்சு, அடுத்தடுத்து வலிப்பு. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறியின் அடையாளங்கள் அவை. நம் கையால் கொடுத்த எண்ணெயால் வந்தவை.

அடுத்தது, அந்த வாந்தியைப் பார்த்து மகிழ்வது. "சளி வெளியே வருது, விடு" என்பார் பாட்டி. பிறகு பிள்ளை தூங்கினால், "பாரு, மருந்து வேலை செய்யுது" என்பார். பாட்டிமேல் குற்றமில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம் தூக்கமில்லை. மறுபடி வாந்தி எடுக்க வைக்காமல், வேறெதுவும் புகட்டாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் வேப்பெண்ணெய் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களே என்று மறைப்பதால்தான் காரணம் தெரியாமல் நேரம் போகிறது.

பேதிக்கென்று விளக்கெண்ணெயை எடுக்கப்போய் இதை ஊற்றிவிடுவதும் நடக்கக்கூடியதுதான். இரண்டும் பேர் ஒட்டாத பழைய போத்தலில், ஒரே அலமாரியில் இருந்தால் வேறென்ன ஆகும்?

தோலில் தடவுவதிலும் கவனம் வேண்டும். வேம்பு சிலருக்கு ஒவ்வாது. தடவிய இடம் சிவந்து, அரித்து, கொப்புளமாகும். "நோய் வெளியே வருது" என்று அதன்மேலேயே இன்னும் தடவுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவி நிறுத்த வேண்டியது அப்போதுதான். முதன்முறை பூசுகிறவர்கள் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்கலாம். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகள் வேப்பெண்ணெயை வாய்வழி எடுக்கவே கூடாது.

கடையில் மூலிகை மருந்து வாங்கினால் 'மால்' (MAL) என்று தொடங்கி, எண்களுக்குப் பிறகு 'டி' (T) வரும் பதிவு எண்ணைப் பாருங்கள். சந்தையில் மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றித் தருவதில் அது இருக்காது.