பாலம் ஏறாத பிக்கப்

பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில், மீன் பெட்டிகளோடு என் பழைய டீசல் பிக்கப் திணறியது. ஆட்டோக்கள்கூட முந்திச் சென்றன. டீசல் பம்பின் திருகைக் கூட்டினால் வண்டி பறக்கும் என்றார்கள். அரைச்சுற்றுத் திருப்பினேன். வேகம் வரவில்லை, கரும்புகைதான் வந்தது. காற்று போதாத இஞ்சினுக்கு டீசலை மட்டும் கூட்டினால் அது முழுதாக எரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மண்டபத்து மெக்கானிக் அண்ணன் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து காது கொடுத்தார். "தம்பி, விசில் சத்தம் கேட்கிறதா?" இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, சுற்றிலும் எண்ணெய்க் கசடு. உப்புக்காற்றில் கிளிப் துருவேறி, தொட்டதும் பொடிந்தது.

புதுக் குழாய், துருப்பிடிக்காத எஃகு கிளிப். ஏர் ஃபில்டரைத் தட்டினால் தனுஷ்கோடி மணல் கொட்டியது; அதையும் மாற்றினோம். பம்ப் திருகு பழைய இடத்துக்கே போனது. பின்சக்கரம் ஒன்று பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்ததை அண்ணன்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தார்.

மறுநாள் அதே சுமை, அதே பாலம். ஒரு கியர்கூடக் குறைக்காமல் ஏறினேன். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் சிப்பை மாற்றினால் இன்னும் வேகம் வரும் என்கிறார் மைத்துனர். கம்ப்யூட்டரே இல்லாத வண்டிக்கு!