ஹெப்ஜி2 செல்லில் ஒரு மரபணுவை நாக்-அவுட் செய்ய

வெட்டும் புரதமான காஸ்9-ஐ டி.என்.ஏ.வில் சரியான இடத்துக்குக் கூட்டிப்போகும் கைடு ஆர்.என்.ஏ.வை வடிவமைக்க உட்காரும் முன், நீக்கப்போகும் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று பாருங்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டு பிரதி என்ற கணக்கு இங்கே உதவாது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கல்லீரல் கட்டி செல்லான ஹெப்ஜி2-வில் குரோமோசோம்கள் 55 வாக்கில் இருக்கும். 20ஆம் குரோமோசோமே இரண்டுக்கு மேல் உண்டு. அத்தனை பிரதியும் உடைந்து மரபணு முழுதாகச் செயலிழந்தால்தான் அது நாக்-அவுட்.

இந்த செல் 15 வயதுப் பையன் ஒருவனின் கட்டியிலிருந்து வந்தது. அது ஹெபடோபிளாஸ்டோமா, அதாவது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் கட்டி என்பது பின்னால்தான் தெளிவானது. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் பற்றியது உங்கள் ஆய்வு என்றால் பெரியவர் ஒருவரின் கல்லீரல் புற்றுநோயிலிருந்து வந்த ஹூ7 செல்லிலும் சேர்த்துச் செய்யுங்கள்.

கைடை எல்லா ஐசோஃபார்முக்கும் (ஒரே மரபணுவிலிருந்து வரும் வெவ்வேறு வடிவங்கள்) பொதுவான, தொடக்கத்தில் வரும் எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதி) வையுங்கள். காஸ்9 புரதத்தையும் கைடையும் கலந்து, மின்துடிப்பால் செல்லுக்குள் செலுத்தும் எலக்ட்ரோபொரேஷன் செய்வதே எனக்குப் பிடித்த வழி. காஸ்9 மரபணுவைச் சுமந்துவரும் வளைய டி.என்.ஏ.வான பிளாஸ்மிட் போல நெடுநாள் தங்கி வேண்டாத இடங்களை வெட்டாது. டி.என்.ஏ. சேதமானால் செல்லை நிறுத்திவைக்கும் பி53 மரபணு ஹெப்ஜி2-வில் பழுதில்லாமல் இருப்பதால், வெட்டு விழுந்ததும் செல்கள் கொஞ்சம் தயங்கும். அவசரப்படாதீர்கள்.

உண்மையான பாடு ஒற்றை செல்லைப் பிரிப்பதில்தான். ஹெப்ஜி2 தீவு தீவாக ஒட்டி வளரும். செல்களைப் பிரிக்கும் நொதியான டிரிப்சினுக்குப் பிறகு குழாயில் பார்த்தால் எல்லாம் பிரிந்த மாதிரி இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மூன்றும் நான்குமாக ஒட்டிக்கொண்டிருக்கும். டிரிப்சின் வைப்பதற்கு முன் கால்சியம் இல்லாத பி.பி.எஸ். உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவுங்கள். பிரித்ததை மெல்லிய பிப்பெட் முனையில் மெதுவாக ஏற்றி இறக்கி, 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுங்கள். அப்புறம் மில்லிக்கு 5 செல் என்று நீர்க்கச் செய்து, 96 வெல் பிளேட்டில் 100 மைக்ரோலிட்டர் வீதம் விட்டால் வெல்லுக்குச் சராசரி அரை செல். மறுநாளே ஒவ்வொரு வெல்லையும் பார்த்து, ஒரே செல் இருப்பதை மட்டும் குறித்துவையுங்கள். இந்த செல்லுக்குத் தனிமை ஆகாது; ஏற்கெனவே செல் வளர்ந்த மீடியத்தை வடிகட்டிப் பாதி கலந்து கொடுங்கள்.

ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டமான குளோன் வளர்ந்ததும், வெட்டிய இடத்தைப் பி.சி.ஆரில் பெருக்கி, சாங்கர் சீக்வென்ஸிங்கில் வரிசையைப் படியுங்கள். ஒரே மாற்றம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்: பெரிய துண்டு ஒன்று போய், பி.சி.ஆர். தொடங்கும் சிறு துண்டான பிரைமர் ஒட்டும் இடமே காணாமல் போயிருக்கலாம். நீங்கிய எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருந்தால் புரதம் கொஞ்சம் குட்டையாகி, வேலையைத் தொடரவும் கூடும். புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் புரதம் இல்லை என்று பார்க்கும்வரை அந்தக் குளோனை நாக்-அவுட் என்று எழுதவே விடமாட்டேன்.

ஒரு குளோனை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். வேறொரு கைடில் கிடைத்த இரண்டாவது குளோனும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலாக, இலக்கில்லாத கைடு கொடுத்து இதே பாதையில் வந்த குளோன் ஒன்றும் வேண்டும். கடைசியாக, அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் பழைய குணம் மீள்கிறதா பாருங்கள். கைடு வெட்டும் இடத்தை மட்டும், அமினோ அமிலம் மாறாமல், மாற்றிக் கொடுக்க வேண்டும்.