கீசர் வெயில் காலத்தில்தான் கெடுகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்ததும் சென்னையில் கீசர் சர்வீஸ் ஆட்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரி கடைசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத்தான் அணைத்திருப்பார்கள். நவம்பரில் சுவிட்சைப் போட்டால் மெயின் ட்ரிப் ஆகிறது, இல்லாவிட்டால் அடியில் ஒழுகுகிறது, அதுவும் இல்லாவிட்டால் பழுப்பாகத் தண்ணீர் வருகிறது. "வருஷத்துக்கு மூணு மாசம்தான் போடுறோம், அதுக்குள்ள எப்படிங்க போகும்?" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள்.

மூன்று மாதம் ஓடியதால் போகவில்லை. ஒன்பது மாதம் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு, புழுக்கமான குளியலறையில் கவனிப்பாரில்லாமல் தொங்கியதால் போனது. கடலோர ஊர்களின் வெக்கையும் ஈரப்பதமும் போர்வெல் உப்பும் சேர்ந்து செய்கிற வேலை இது. புதிதாக வீடு வாங்கியவர்களும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் ஆண்டுதோறும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் நிரம்பாமல் சுவிட்ச் போடாதீர்கள், ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அவற்றை விட்டுவிடுவோம். கீழே சொல்பவை 15 முதல் 25 லிட்டர் வரையுள்ள ஸ்டோரேஜ் கீசருக்கானவை.

## எலிமென்டைப் பார்த்துவிட்டு ஆனோட் ராடைப் பார்க்காமல் மூடுவது

அதிகம் செலவு வைப்பது இந்த ஒன்றுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

பெரும்பாலான கீசர்களின் டேங்க் இரும்பு. உள்பக்கம் எனாமல் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இல்லாத டேங்க் கிடையாது. தண்ணீர் அந்தத் துளை வழியாக இரும்பைத் தொடும், துரு தொடங்கும். அதைத் தடுக்கத்தான் தண்ணீரைச் சூடாக்குகிற எலிமென்டுக்குப் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஆனோட் ராட் என்கிற மக்னீசியக் கம்பியைப் பொருத்தியிருக்கிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் சுலபமாக அரிபடும். அது அரிபடுகிறவரை இரும்புக்கு ஒன்றும் ஆகாது. அது தீர்ந்த நாளிலிருந்து டேங்க் அரிபடத் தொடங்கும்.

இதற்குக் கரண்ட் தேவையில்லை. சுவிட்ச் அணைந்திருந்தாலும் டேங்கில் தண்ணீர் இருக்கிறவரை ஆனோட் கரைந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீரில் உப்பு கூடினால் வேகமாகக் கரையும், சூடு கூடினாலும் அப்படியே. சித்திரை வெயிலில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீரைக் கையில் பிடிக்க முடியாது; அதுவேதான் கீசருக்குள்ளும் நிற்கிறது. "நாங்க கீசரே போடலையே" என்பவர் வீட்டிலும் ஆனோட் தேய்வது இதனால்தான்.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். முதல் வருஷக் கடைசியில் எலிமென்ட் போகிறது. டெக்னீஷியன் வந்து கழற்றினால் அதன்மேல் அரை அங்குலத்துக்கு வெள்ளை உப்பு. புது எலிமென்ட் போடுகிறார். பக்கத்திலிருந்த ஆனோட் பாதி தேய்ந்து, பல் போன சோளக்கதிர்போல நிற்கிறது. "அது சும்மா ஒரு கம்பிதான் சார்" என்று அதையே திரும்ப மாட்டிவிடுகிறார். இன்னும் மோசமான ஆட்கள், மக்னீசியம் தேய்ந்து எஞ்சிய நடு எஃகுக் கம்பி வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று அதையும் வெட்டி எறிந்துவிட்டு ஃபிளேஞ்சை (எலிமென்டும் ஆனோடும் பொருத்தியிருக்கிற அடித்தகட்டை) மூடுவார்கள்.

அடுத்த வருஷம் சுவர் டைல்ஸில் மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு இறங்குகிறது. சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று அதை மாற்றுகிறார்கள். கோடு நிற்கவில்லை. ஃபிளேஞ்ச் ஓரத்தில் கசியாமல் அடைக்கிற ரப்பர் கேஸ்கெட் என்று நினைத்து அதையும் மாற்றுகிறார்கள். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் வெளி மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சூட்டைக் காக்கிற பஃப் இன்சுலேஷன் நனைந்து ஊறிப்போயிருக்கிறது. டேங்கின் வெல்டிங் ஓரத்தில் ஓட்டை. டேங்கில் ஓட்டை விழுந்த கீசரைப் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது. பற்றவைத்தால் உள் எனாமல் கருகி இன்னும் சீக்கிரம் போகும். சில நூறு ரூபாய்க் கம்பியை மாற்றாததற்கு எலிமென்ட், வால்வு, கேஸ்கெட் என்று மூன்று பில், பிறகு ஒரு புது கீசர். வாரன்டி அட்டையையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். தேய்ந்த ஆனோடை மாற்றாமல் விட்டால் டேங்க் வாரன்டி செல்லாது என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும்.

போர்வெல் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறையும், மெட்ரோ வாட்டர் மட்டும் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் திறந்து பாருங்கள். கடலோரத்தில் உப்பேறிய போர் என்றாலோ, வீட்டுக்கு சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தைக் குறைக்கிற கருவி) வைத்திருந்தாலோ, முதல் சோதனையை ஆறு மாதத்திலேயே செய்துவிடுங்கள். சாஃப்ட்னர் வைத்தால் கீசருக்கு நல்லது என்று மட்டும்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். எலிமென்டுக்கு நல்லதுதான். ஆனோடை அது இன்னும் வேகமாகத் தின்னும்.

திறக்கிற வேலை இப்படி. எலக்ட்ரிகல் வேலை பழகாதவர்கள் டெக்னீஷியனை அழைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

முதலில் கீசர் இணைப்புக்கான பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.-யை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஹாட் குழாயைத் திறந்து, வெந்நீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வருகிறவரை விட வேண்டும். பிறகு கீசருக்குப் போகிற ஆங்கிள் காக்கை மூடி, ஹாட் குழாயைத் திறந்தபடியே வைத்து, நீல நிறம் குறித்த இன்லெட்டிலிருந்து ஹோஸையும் அங்கே இருக்கிற வால்வையும் கழற்றினால் டேங்க் வடியும். ஹாட் குழாய் வழியாகக் காற்று போனால்தான் தண்ணீர் இறங்கும். அதை மூடிவைத்துவிட்டு "வடியவே மாட்டேங்குது" என்று நிற்பவர்கள் உண்டு. இரண்டு பக்கெட் கையருகில் இருக்கட்டும்.

கீழ்மூடியைக் கழற்றியதும் ஒயர் இணைப்புகளை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டை உருவிவிட்டு, ஃபிளேஞ்ச் நட்டுகளைத் தளர்த்துங்கள். எலிமென்டும் ஆனோடும் ஒன்றாகவே கீழே இறங்கும். கடைசி நட்டைக் கழற்றும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மிச்சத் தண்ணீரோடு உப்புக் கட்டிகளும் கூடவே விழும்.

ஆனோடில் எங்கேயாவது நடு எஃகுக் கம்பி வெளியே தெரிந்தாலோ, தடிமன் பாதிக்குக் கீழே போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நீளமும் மரை அளவும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. தேயவில்லை, ஆனால் மேலே வெள்ளை ஓடு கல்லாகப் பிடித்திருக்கிறதா? அதைச் சுரண்டி எடுங்கள். ஓடு மூடியிருந்தால் உள்ளே இருக்கிற மக்னீசியம் வேலை செய்யாது.

இன்னொன்று, பலர் சந்தோஷப்படுகிற இடம். போர் தண்ணீரில் ஒரு வருஷம் கழித்தும் ஆனோட் புதிதுபோல இருந்தால், அது நல்ல சேதி இல்லை. ஆனோடுக்கும் ஃபிளேஞ்சுக்கும் இடையே உலோகத் தொடர்பு அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மரையில் துரு அடைத்திருக்கும், அல்லது யாராவது டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டியிருப்பார்கள். துருவைத் தேய்த்து எடுத்து, டேப் இல்லாமல், உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்குங்கள்.

மூடும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹாட் குழாயில் காற்றுக் குமிழ் நின்று தண்ணீர் சீராக வருகிறவரை டேங்கை நிரப்பி, கால் மணி நேரம் ஃபிளேஞ்ச் ஓரத்தில் கசிவு பாருங்கள். அதற்குப் பிறகுதான் கரண்ட்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தாண்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அதிலும் சில மாடல்களில் ஆனோட் உண்டு. குளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் வெல்டிங் ஓரத்தில் குத்தும்.

## பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போடுவது

கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிது.

## மார்ச்சில் அணைத்துவிட்டு நவம்பர்வரை மறந்துவிடுவது

இளஞ்சூட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிற தண்ணீரில் கிருமிகள் வளரும். அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான்: தண்ணீரில் இருக்கிற சல்ஃபேட்டை ஒருவகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. நுரையீரலைத் தாக்குகிற லெஜியோனெல்லாவுக்கும் 20 முதல் 45 டிகிரிவரை கொண்டாட்டம். சென்னைக் கோடை முழுக்க அந்த அளவில்தான் இருக்கிறது.

ஒன்று, முழுக்க வடித்துவிடுங்கள். இல்லையென்றால் நிரம்பவே வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை 60 டிகிரிவரை சூடேற்றி, அந்தத் தண்ணீரை முழுதாக வெளியே விடுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் இரண்டாவது வழிதான் மேல். பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்களுக்கு முதல் வழி. பாதி வடித்து, பாதி விட்டு வைப்பதுதான் இரண்டிலும் சேராத கெடுதல். காற்றும் ஈரமும் சேர்ந்திருக்கிற இடத்தில், தண்ணீரில் மூழ்காத ஆனோடால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

மூடிக் கிடந்த டேங்கில் ஆனோட் கரையும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் வாயுவும் சேரும். இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படுத்தாத கீசரைத் திரும்பப் போடுமுன் ஜன்னலைத் திறந்துவைத்து, ஹாட் குழாயைச் சில நிமிடம் திறந்துவிடுங்கள். அப்போது பக்கத்தில் விளக்கோ கொசுவர்த்தியோ எரியக்கூடாது.

## தெர்மோஸ்டாட் குமிழை 75 டிகிரியிலேயே வைத்திருப்பது

டிசம்பரில் 26 டிகிரியில் வருகிற 15 லிட்டரை 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். 2000 வாட் எலிமென்டுக்கு 18 நிமிட வேலை. அதையே 75-க்கு ஏற்றினால் 0.85 யூனிட். குளிக்கிற தண்ணீருக்கு 40 டிகிரி போதும். மிச்சத்துக்கெல்லாம் பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்கிறோம். கரண்ட் கூட இரண்டாம்பட்சம். 60-ஐத் தாண்டினால் உப்பு படிகிற வேகம் கூடும், ஆனோடும் சீக்கிரம் தீரும். 55-இலிருந்து 60-க்குள் வைத்து, குளிக்கப் போகுமுன் இருபது நிமிடம் போட்டு அணைத்தால் போதும்.

இதற்கு நேரெதிரான கஞ்சத்தனமும் உண்டு: 40-இல் வைத்து நாள் முழுக்க ஓடவிடுவது. மேலே சொன்ன கிருமிகளுக்கு அது விருந்து.

## சேஃப்டி வால்வு சொட்டுகிறதென்று அடைப்பது

சூடேறும்போது சொட்டுவது அதன் வேலை. 15 லிட்டர் தண்ணீர் 26-இலிருந்து 60 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு, பெருகும். இன்லெட்டில் இருக்கிற வால்வு அதைத் திரும்பப் போகவிடாது. ஆகவே 8 பார் அழுத்தத்தில் திறக்கிற சேஃப்டி வால்வு வழியாகத்தான் அது வெளியேற வேண்டும். அதன் மூக்கில் எண்ட் கேப் மாட்டுவது, எம்-சீல் அடைப்பது, இரண்டும் டேங்கை வெடிகுண்டாக்குகிற வேலை. ஒரு சின்ன டியூபை மாட்டித் தரைச் சல்லடைவரை விட்டால் தொல்லை தீர்ந்தது.

மாதத்துக்கு ஒருமுறை அதன் நெம்புகோலைத் தூக்கிவிடுங்கள். தண்ணீர் வராவிட்டால் உப்பு அடைத்திருக்கிறது, மாற்றவேண்டும். கீசர் ஆறியிருக்கும்போது சொட்டினாலும் மாற்றவேண்டும்.

## பாத்ரூம் ஆசிட்

உப்பை எடுக்க அதை டேங்குக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். எலிமென்டைத் தனியாகக் கழற்றி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, மின் முனைகள் நனையாமல் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் உப்பு உதிரும். ஆனோடை அதில் போட்டால் ஆனோடும் கரையும்.

## ட்ரிப் ஆகிறதென்று ஆர்.சி.சி.பி.-யைத் தாண்டி ஒயர் கொடுப்பது

எலிமென்டின் உள்ளே கம்பிச் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கிறது. முனையில் இருக்கிற அடைப்பு லேசாக விட்டிருந்தால் அந்தப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புழுக்கமான குளியலறையில் மாதக்கணக்கில் கிடந்தபின் முதல்நாள் சுவிட்ச் போட்டதும் ட்ரிப் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது, கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதைப் பிடிக்கிறது. அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது அதைத் தாண்டி ஒயர் இழுப்பதற்கு என்ன பெயர் சொல்வது?

எலக்ட்ரீசியனை 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கிற மீட்டர்) கொண்டுவரச் சொல்லுங்கள். எலிமென்ட் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால், கழற்றி நாள் முழுக்க நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி பார்க்கலாம். ஏறவில்லையென்றால் புது எலிமென்ட்.

## ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்துவைப்பது

குளியலறை நீராவி முழுக்க அங்கேதான் போய் அடைகிறது. வெளிக்கூடு துருப்பிடிக்கும், 16 ஆம்பியர் பிளக்கின் ஊசிகள் பச்சை பூக்கும், ஒழுகினாலும் ஜிப்சம் பலகை ஊறி விழுகிறவரை யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் கீசருக்கு நேர்கீழே இரண்டடிக்கு இரண்டடி திறப்பு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்சோடு எலிமென்டும் ஆனோடும் நேராகக் கீழே இறங்க அந்த இடம் வேண்டும். புதிதாக மாட்டுகிறவர்கள் பிளக், சாக்கெட் இரண்டையும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் தனி எம்.சி.பி.-யும் கேட்டு வாங்குங்கள்.