பிழையை விரலால் துரத்தாதீர்கள்

செட்டிநாட்டுக் கல்யாணச் செய்தியைப் போனில் தட்டுபவர்களுக்கு ‘இளையாத்தங்குடி’ என்ற ஊர்ப்பெயர் ஒரு சோதனை. நடுவில் ஓர் எழுத்து பிசகினால், திருத்தப் போகும் விரலே அந்த இடத்தை மறைத்துவிடுகிறது. பொத்தான் போனில் அம்புக்குறியை அழுத்தினால், எழுதும் இடத்தைக் காட்டும் கோடான கர்சர் ஒவ்வோர் எழுத்தாக நகரும்; அது போய்விட்டதே என்று ஆச்சிமார் குறைப்படுவது நியாயம்தான்.

போகவில்லை, ஒளிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு இருந்தால், ஸ்பேஸ் பட்டையின் மேல் விரலை வைத்து இடமோ வலமோ இழுங்கள். கர்சர் கூடவே நகரும். ஐபோனில் அதே பட்டையைச் சற்று அழுத்திப் பிடித்தால் விசைகளில் உள்ள எழுத்துகள் மறைந்துவிடும். பிறகு மேலும் கீழும்கூட இழுக்கலாம்.

தமிழுக்கென்று இன்னொன்று. ‘மாத்தூர்’ என்பது ‘மாத்துர்’ ஆகிவிட்டதா? ‘து’ முழுவதையும் அழிக்க வேண்டாம். கர்சரை அதன் வலப்புறம் நிறுத்தி, அழிக்கும் விசையை ஒருமுறை தட்டுங்கள். பல விசைப்பலகைகளில் உகரக் குறி மட்டும் போய் ‘த’ நிற்கும். ஊகாரத்தைச் சேர்த்தால் போதும்.

ஆத்தங்குடி டைல்ஸ் விலைப்பட்டியல் போல நீளமானவற்றுக்கு இதெல்லாம் போதாது. புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் வேண்டிய எழுத்துகள் மட்டும் தேர்வாகும்.