காலையில் எழுவான்கரை, பின்னேரம் படுவான்கரை: மட்டக்களப்பில் பறவை பார்த்து நீர்வண்ணத்தில் வரைய, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருவோருக்கு

மட்டக்களப்பு வாவியில் முதலில் கரையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். காலையில் எழுவான்கரையில், அதாவது கிழக்குக் கரையில், நின்றால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். எதிரே கண்ணாக்காடும் (அலையாத்திக் காடு) கொக்கும் நிறத்தோடு தெரியும். பின்னேரம் மண்முனைப் பாலத்தால் மேற்கே படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். மாறி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். உடலை அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாராவையும் நீர்க்காகம் என்று எழுதிவிடுவீர்கள்.

வலசைப் பறவைகளுக்கு ஐப்பசி முதல் பங்குனி வரை. குமண தேசிய வனத்தில் கூடு பார்க்க வைகாசி, ஆனி. பள்ளிக்கூட விடுமுறையை நம்பி ஆடி, ஆவணியில் வருவோருக்குக் கச்சான் காற்றுத்தான் மிச்சம். அந்தக் காய்ந்த காற்றில் வானத்துக்குப் பூசும் நிறம் பாதியிலேயே காய்ந்து கோடு விழும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் படியவைத்தால் ஈரம் கொஞ்சம் நிற்கும். மாரியில் நேர்மாறு: ஈரம் ஏறிய தாளின் பசை கெட்டு, ஒற்றுத்தாள் மாதிரி நிறத்தை உறிஞ்சும். காற்றுப் புகாத பையில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். வாவித் தண்ணீரில் தூரிகை கழுவ வேண்டாம். உப்பு தாளில் தங்கி ஈரத்தை இழுக்கும், புள்ளி புள்ளியாகப் பூக்கும். கிணற்றுத் தண்ணீர் அரை லீற்றர் போதும்.

வெள்ளைக் கொக்குக்கு வெள்ளை நிறம் தேவையில்லை; தாளை விட்டுச் சுற்றிலும் கண்ணாவின் பச்சையைப் பூசினால் கொக்கு தானாக எழும். வயிற்று நிழலுக்குக் கோபால்ட் நீலத்தில் துளி பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. வெள்ளை விட வேண்டிய இடத்தில் பூசிப் பிறகு உரித்தெடுக்கும் மறைப்புத் திரவம் வெயிலில் வெந்தால் தாளையும் உரித்துக்கொண்டுதான் வரும்.

இனிச் சொந்தக்காரர். குமணவுக்குப் போவதைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். “நாங்களும் வாறம் மனே” என்று மாமி சொன்ன கையோடு, ஆறு பேருக்குப் பிடித்த ஜீப்புக்குப் பதினொரு பேர் சேர்ந்துவிடுவார்கள். குமண வனத்தின் உகந்தை வாசலில் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும் என்றால் பொத்துவிலில் நாலரைக்கே ஏற வேண்டும். இடியப்பம் அவித்து, பார்சல் கட்டி, முருகனைக் கும்பிட்டு வாசலுக்கு வரப் பத்து மணி. அதற்குள் கூழைக்கடாக்கள் சூடேறிய காற்றைப் பிடித்து உயரப் போயிருக்கும். தொலைநோக்கியில் கானல்தான் ஆடும்.

பிறகு வனத்துக்குள் நுழைய ரிக்கற். அடையாள அட்டைக்கு உள்ளூர்க் கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலர் கணக்கு. அதோடு சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி. “வாய் திறக்காம நில்லு, பார்த்தா ஊர்ப்புள்ளதானே” என்பார் மச்சான். இணங்காதீர்கள். ஆவணம் கேட்டால் தலைகுனிந்து நிற்பவர் அவர்தான். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், நாளைக்கும் அந்தப் பக்கம் போய்வர வேண்டியவர் அவர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கணக்காகப் பிரிவது கசக்கும். கட்டிவிட்டு நகருங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப்போகவும்.

சொந்தக்காரர் ஜீப்பில் சேர்ந்துகொள்வதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் இரண்டு நாளையும் தூரிகை தொடாமல் வீட்டுக்குக் கொடுப்பது. ஒரு நாள் பாசிக்குடா, ஒரு நாள் கொக்கட்டிச்சோலைக் கோயில், வான் செலவு உங்களது. “கொக்குப் பார்க்கவா இவ்வளவு காசு செலவழிச்சு வந்தாய்?” என்ற கேள்விக்குச் சிரிக்கலாம். செத்தவீட்டுக்கு வராதவர் பறவைக்கு வந்திருக்கிறார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி தரும்போது அது கேட்கும். எழும்பி ஓடாமல் இருந்து குடியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து இருட்டோடு புறப்பட்டு, பகல் சோற்றுக்கு ஒரு மணிக்குத் திரும்புவதாகச் சொல்லுங்கள், சொன்னபடி திரும்புங்கள்.

இராணுவ முகாம், பாலம் பக்கம் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டாம். ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும். இங்கினியாகலையிலிருந்து சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகில் போனால் நீர்வண்ணம் சரிவராது, ஆட்டம் அதிகம். பென்சிலால் உருவத்தைப் பிடித்து, ஓரத்தில் நிறங்களை எழுதிவைத்து, வண்ணத்தை அறையில் பூசுங்கள்.