பரிமாற்ற மாணவராகப் போகிறீர்களா? முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை

பரிமாற்ற மாணவர் என்றால் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் சில காலம் படிப்பவர். பயணக் களைப்பு தெளிந்த மறுநாளே, உங்களைத் தங்கவைக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். காலையில் குளியலறை எனக்கு எந்த நேரம்? துணி துவைப்பது யார், எந்தக் கிழமை? ஃபிரிட்ஜில் கேட்காமல் எதை எடுக்கலாம்? இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்பவேண்டும்? பதில்களை எழுதிவையுங்கள்.

மனஸ்தாபம் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் தொடங்கும். பல வீடுகளில் வெந்நீர் ஒரே தொட்டியில் இருக்கும். நீங்கள் அரை மணி நேரம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், முகம் மட்டும் மாறும்.

சாப்பாட்டில் “எதுவானாலும் சரி” என்று சொல்லாதீர்கள். சைவம் என்றால் முட்டை, மீன், இறைச்சி வேகவைத்த சாறு, ஜெலட்டின் (விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விளக்குங்கள். ஒவ்வாமை இருந்தால் அந்த ஊர் மொழியில் எழுதிய சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

பள்ளியில் முன்வரிசையில் உட்காருங்கள். மறுநாள் பாடத்தின் பக்க எண்ணை ஆசிரியரிடம் கேட்டு, புதிய சொற்களை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். நாள் முழுக்க வேற்றுமொழி கேட்டால் மாலையில் தலை கனக்கும். அது இயல்புதான், சீக்கிரம் தூங்குங்கள். விளையாட்டு அணிக்கான தேர்வு பல பள்ளிகளில் வகுப்பு தொடங்குமுன்பே முடிந்துவிடும், தேதியை முன்கூட்டியே விசாரியுங்கள்.

அம்மா அப்பாவோடு வீடியோ அழைப்பு வாரம் ஒன்றிரண்டு போதும். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால், தங்களைப் பிடிக்கவில்லையோ என்று அந்தக் குடும்பம் நினைக்கும்.

பாதுகாப்பு பற்றிய சங்கடம் எதுவானாலும் அன்றே உங்கள் பரிமாற்றத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் எண் ஃபோனில் மட்டுமல்ல, தாளிலும் இருக்கவேண்டும்.